வீலானை அழித்தால் போர்ட் எங்கே போகும்?

எங்களில் மூன்று பேர் ஒரு அலுவலகத்தில நெட்வேர்க் பயிற்சிக்கு நிண்ட காலத்துக் கதை இது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நல்ல மனுசர் கனபேர் இருந்த இடம். ஒரு திங்கட்கிழமை காலமை பத்து மணி போல, கீழ்மாடியில காசு கட்டுற கவுண்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில படுத்துவிட்டன. பில் அடிக்கிற மெசினும் இல்லை, கைரேகை வைக்கிற மெசினும் இல்லை. வெளியில வரிசை படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. தூர இடத்தில இருந்து பஸ் ஏறி வந்த வயசான ஆக்களும் அந்த வரிசையில நிண்டவை. உள்ளுக்க காசாளர் அக்கா ஒராள் கொப்பியில பேர் எழுதத் தொடங்கினா.

நாங்கள் செய்தது எல்லாரும் செய்யிறதுதான். கேபிளைக் கழற்றிப் பூட்டினோம். வேற கேபிள் போட்டோம். கொம்பியூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினோம். ஐ.பி. முகவரியைச் சரிபார்த்தோம். சுவிட்ச்சையே ஒருக்கா நிப்பாட்டிப் போட்டோம். இரண்டரை மணித்தியாலம் போனது. கடைசியில்தான் விளங்கியது, அண்டைக்குக் காலமை எங்களில் ஒருவன் அடித்த ஒரேயொரு வரிதான் காரணம் எண்டு. ‘நோ வீலான் 30’.

அவன் தன்பாட்டில அடிக்கவில்லை. “தம்பி, பாவிக்காத வீலான் எல்லாம் கிடக்குது, ஒருக்காத் துப்புரவாக்கி விடும்” எண்டு மேலே உள்ளவர் சொன்னதைத்தான் செய்தான். பிரதான சுவிட்ச்சில ‘ஷோ வீலான் பிரீஃப்’ அடித்துப் பார்த்தான். 30 எண்ட இலக்கத்துக்கு நேரே ஒரு போர்ட்டும் இல்லை. பெயரும் இல்லை, சுவிட்ச் தானாக வைக்கிற ‘வீலான்0030’ மட்டும்தான். ஆர் பார்த்தாலும் வெறும் வீடு எண்டுதான் நினைச்சிருப்பினம். அழித்தான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. நெட்வேர்க் படிக்காத ஆக்களும் வாசிக்கலாம், ஏனெண்டால் இதுக்குள்ள இருக்கிற பிழை நெட்வேர்க்கில மட்டும் நடக்கிறது இல்லை.

முதலில வீலான் எண்டால் என்ன? ஒரு சுவிட்ச்சில இருபத்துநாலு போர்ட் இருக்குது எண்டு வைப்போம். ஒண்டும் செய்யாமல் விட்டால் இருபத்துநாலும் ஒரே கூட்டம். ஒராள் போடுற சத்தம் எல்லாருக்கும் கேட்கும். கணக்குப் பிரிவும், வரவேற்பறையும், விருந்தாளிகளுக்கான வைஃபையும், கமராவும் ஒரே கூட்டத்துக்குள்ள இருக்கிறது நல்லதில்லை. அதனால் ஒரே சுவிட்ச்சை உள்ளுக்குள்ள பல சுவிட்ச்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு இலக்கம். 802.1கியூ எண்ட நியமத்தில அந்த இலக்கத்துக்கு 12 பிட் ஒதுக்கியிருக்கினம், பாவிக்கக் கூடியது 1 தொடக்கம் 4094 வரை. ஒரு போர்ட்டிடம் “நீ 30 ஆம் பிரிவு” எண்டு சொல்லி வைச்சால், அதில பூட்டின கொம்பியூட்டர் 30 ஆம் பிரிவு ஆக்களோட மட்டும்தான் நேரடியாகக் கதைக்கும்.

வகுப்பில இதைச் சொல்லித் தரேக்க வேலியைத்தான் உதாரணமாகச் சொல்லுவினம். ஒரு பெரிய வளவுக்குள்ள வேலி போட்டுப் பிரிக்கிறது போல எண்டு. நல்ல உதாரணம்தான், ஆனால் அழிக்கிற இடத்தில அது எங்களை ஏமாத்தும். வேலியைப் பிடுங்கினால் வளவு பழையபடி ஒண்டாகிவிடும் எல்லோ? அதனால வீலானை அழித்தால் அதில இருந்த போர்ட்டுகளும் பழைய இடத்துக்கு, அதாவது வீலான் 1 க்கு, திரும்பிவிடும் எண்டு மனசு தானாக முடிவெடுக்குது. சிஸ்கோ கற்றலிஸ்ட் சுவிட்ச்சில அப்படி நடக்காது.

அங்கே நடக்கிறது பள்ளிக்கூடக் கதை மாதிரி. 10 டி எண்டு ஒரு வகுப்பு. ஒருநாள் அதிபர் நேரசூசியில இருந்து 10 டியை எடுத்துவிடுகிறார். பிள்ளைகளை 10 ஏக்கு மாற்றவில்லை. பிள்ளைகளின் கொப்பியில இன்னும் 10 டி எண்டுதான் எழுதியிருக்குது. வகுப்பறை இல்லை, ஆசிரியர் இல்லை, இடாப்பு இல்லை. பிள்ளைகள் விறாந்தையில நிக்குதுகள். வேறு வகுப்புக்குள்ள போகவும் ஏலாது, போகச் சொல்லி ஒருத்தரும் சொல்லவும் இல்லை.

போர்ட்டின் நிலையும் அதுதான். ‘சுவிட்ச்போர்ட் அக்சஸ் வீலான் 30’ எண்ட வரி போர்ட்டின் கொன்ஃபிக்கில அப்படியே இருக்கும். ஆனால் 30 எண்டு ஒண்டு சுவிட்ச்சின் பட்டியலில இல்லை. எனவே போர்ட் செயலிழந்த நிலைக்குப் போகும். அதுக்குள்ளால ஒரு பொட்டுத் தரவும் போகாது. ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் சுவிட்ச்போர்ட்’ அடித்தால் அக்சஸ் வீலான் 30 எண்டு காட்டி, பக்கத்தில ‘இன்அக்டிவ்’ எண்டு ஒரு சொல் இருக்கும். அவ்வளவுதான் அறிவிப்பு.

இன்னும் மோசம், எல்லாரும் முதலில பார்க்கிற ‘ஷோ வீலான் பிரீஃப்’ பட்டியலில அந்தப் போர்ட்டுகள் இல்லாமலே போய்விடும். வீலான் 1 க்குக் கீழேயும் இருக்காது, 30 க்குக் கீழேயும் இருக்காது. நாங்கள் அண்டைக்கு அந்தப் பட்டியலை நாலு ஐந்து தரம் பார்த்திருப்போம். இருக்கிறதைத்தான் வாசித்தோம், இல்லாததை ஒருத்தரும் வாசிக்கவில்லை. கடைசியில எங்கட கூட்டத்தில இருந்த பிள்ளை ஒருத்திதான் விரலை வைச்சு எண்ணினாள். ஒண்டில இருந்து பதினாறு வரைக்கும் வீலான் 10 இல இருக்குது. மேலே போற போர்ட் ட்ரங்க், அது இந்தப் பட்டியலில வராது. மிச்சம் பதினேழில இருந்து இருபத்துநாலு வரைக்கும் எட்டுப் போர்ட் எங்கே? அந்த எட்டிலதான் கவுண்டர்கள் எல்லாம் பூட்டியிருந்தது.

சுவிட்ச்சை நிப்பாட்டிப் போட்டும் ஏன் சரிவரவில்லை? எங்களுக்கு வகுப்பில சொல்லித் தந்த பாதுகாப்பு ஒண்டு இருக்குது: பிழையாக ஏதும் அடித்தால் சேமிக்காமல் ரீலோட் பண்ணு, பழைய கொன்ஃபிக் வந்துவிடும். மற்றக் கனக்க விசயத்துக்கு அது சரி. ஆனால் வீ.ரி.பி. சேர்வர் நிலையில இருக்கிற சுவிட்ச் வீலான்களை ஸ்டார்ட்அப் கொன்ஃபிக்கில வைக்கிறதில்லை. பிளாஷில ‘வீலான் டொட் டட்’ எண்டு தனிக் கோப்பில வைக்கும். அழித்த கையோட அந்தக் கோப்பும் மாறிவிடும். சேமிக்கவா எண்டு கேட்காது. அதனால ரீலோட் பண்ணினாலும் போன வீலான் போனதுதான். இதன் மறுபக்கமும் உண்டு. பழைய சுவிட்ச் ஒண்டைத் துடைத்துப் போட்டதாக நினைத்து ஸ்டார்ட்அப் கொன்ஃபிக்கை மட்டும் அழிக்கிறவை, பழைய வீலான்கள் எல்லாம் உள்ளுக்க உயிரோட கிடக்கிறதைப் பிறகு கண்டு திகைப்பினம்.

மருந்து மட்டும் லேசு. ‘வீலான் 30’ எண்டு திரும்ப உருவாக்கினால் போதும். போர்ட் ஒண்டையும் தொடத் தேவையில்லை. கொப்பியில 10 டி எண்டு எழுதியிருக்கிற பிள்ளைகள் தாங்களாகவே வந்து இருப்பினம். எங்களுக்கு அது பத்துச் செக்கன் வேலை. இரண்டரை மணித்தியாலம் தேடல், பத்துச் செக்கன் வைத்தியம்.

இன்னொரு கேள்வி மிச்சம். அவன் அழித்தது பிரதான சுவிட்ச்சில. கவுண்டர் இருந்தது கீழ்மாடிச் சுவிட்ச்சில. அது எப்படிப் பாதித்தது? வீ.ரி.பி. எண்ட முறைதான் காரணம். வீலான் பட்டியலை ஒவ்வொரு சுவிட்ச்சிலும் தனித்தனியாக அடிக்காமல், ஒரு இடத்தில மாற்றினால் அதே டொமைனில இருக்கிற மற்றச் சுவிட்ச்களும் மாறிக்கொள்ளுகிற வசதி அது. சேர்க்கேக்க வசதி, அழிக்கேக்க வினை. அதோட பிரதான சுவிட்ச்சில 30 க்கு நேரே போர்ட் இல்லாமல் இருந்ததும் நியாயமான விசயம்தான். அங்கே இருந்ததெல்லாம் ட்ரங்க். ட்ரங்க் போர்ட்டுகளை அந்தப் பட்டியல் காட்டாது. வெறும் வீடு எண்டு நினைத்தது, உண்மையில எல்லாரும் கடந்துபோற சந்தி.

வீ.ரி.பி. பற்றி இன்னொண்டு தெரிந்திருக்க வேணும். பட்டியல் மாறுகிற ஒவ்வொரு தரமும் ஒரு திருத்த இலக்கம் கூடும். கூடின இலக்கம் வைச்சிருக்கிறவன் சொல்லுறதைத்தான் மற்றவை நம்புவினம். லப்பில கனகாலம் விளையாடின பழைய சுவிட்ச் ஒண்டை, அதே டொமைன் பெயரோட கொண்டுவந்து பூட்டினால், அதின்ர இலக்கம் கூடவாக இருந்தால், முழு அலுவலகத்தின் வீலான் பட்டியலும் அதின்ர பட்டியலாக மாறும். ஒருத்தரும் ‘நோ வீலான்’ அடிக்காமலே போர்ட்டுகள் விறாந்தைக்கு வரும். அதனாலதான் பூட்ட முதல் ட்ரான்ஸ்பேரன்ட் நிலைக்கு மாற்றி இலக்கத்தைப் பூச்சியமாக்கச் சொல்லுகினம். மூன்றாம் பதிப்பில முதன்மைச் சேர்வர் எண்டு ஒராளை நியமித்து இந்த விபத்துக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கினம்.

இப்ப எங்கட கருத்துக்கு வருவோம். அண்டைக்குப் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். “இது என்ன மடத்தனம்? வீலான் இல்லாட்டில் போர்ட் பேசாமல் வீலான் 1 க்குப் போனால் என்ன?” எண்டு ஒருவன் கேட்டான். கேள்வி பிழையில்லை. அப்படிச் செய்கிற சுவிட்ச்சும் உண்டு. எச்.பி. புரோகேர்வ் சுவிட்ச்களில ஆட்கள் இருக்கிற வீலானை அழிக்கப் போனால், இன்ன இன்ன போர்ட்டுகள் இயல்பு வீலானுக்குப் போகப்போகுது, சம்மதமா எண்டு கேட்கும். ஓம் எண்டால் மாற்றிவிடும்.

யோசிச்சுப் பார்த்தால், மூடிக்கிடக்கிறதுதான் சரி எண்டு நாங்கள் நினைக்கிறோம். காரணம் ஒண்டு, பாதுகாப்பு. விருந்தாளி வைஃபைக்கு ஒரு வீலான் வைச்சிருக்கிறோம். அதை ஆரோ தவறுதலாக அழிக்கினம். போர்ட் வீலான் 1 க்குப் போகுது. கனக்க இடங்களில சுவிட்ச்களை நிர்வகிக்கிற முகவரிகள் அந்த வீலான் 1 இலதான் கிடக்கும். வைக்கக் கூடாது எண்டு தெரிந்தும் வைச்சிருக்கிறம். வாசலில நிண்டவனைக் கொண்டுபோய் அலுமாரித் திறப்புக்குப் பக்கத்தில இருத்தின மாதிரி. ஒருத்தருக்கும் தெரியவும் வராது, ஏனெண்டால் விருந்தாளிக்கு இன்டர்நெட் வேலை செய்தாலும் செய்யும்.

காரணம் இரண்டு, மாற்றிவிட்டாலும் அது உதவி இல்லை. எங்கட கவுண்டர் கொம்பியூட்டர்களுக்குக் கையால கொடுத்த ஐ.பி. முகவரி. அதின்ர வாசல் வீலான் 30 இலதான் இருந்தது. போர்ட்டை வீலான் 1 இல விட்டால் வெளிச்சம் எரியும், இணைப்பு இருக்கிற மாதிரிக் காட்டும், ஆனால் வாசலைக் காணாது. டி.எச்.சி.பி. மூலம் முகவரி எடுக்கிற கொம்பியூட்டர் எண்டால் வேறு ஆக்களின் முகவரி ஒண்டை எடுத்துக்கொண்டு அரைகுறையாக ஓடும். முழுசாக நிண்ட வண்டியைத் திருத்தலாம். அரைகுறையாக ஓடுற வண்டிதான் நடுறோட்டில கவிழ்க்கும்.

ஆனால் மூடுறது சரி எண்டதால, சொல்லாமல் மூடுறது சரியாகாது. எங்கட கோபம் அங்கேதான். ‘நோ வீலான் 30’ எண்டு அடித்தபோது அந்தச் சுவிட்ச் ஒரு கேள்வி கேட்கவில்லை. இல்லாத வீலானுக்கு ஒரு போர்ட்டை மாற்றப் போனால், “அப்படி ஒண்டு இல்லை, உருவாக்குகிறேன்” எண்டு தானாகச் சொல்லி உருவாக்குகிற அதே சுவிட்ச்தான் இது. பிறக்கேக்க வாய் திறக்கிறது, சாகேக்க வாய் திறக்கிறதில்லை. ஒரு கம்பனி கேட்டுவிட்டுத் திறந்துவிடுகிறது, மற்றக் கம்பனி கேட்காமல் மூடிவிடுகிறது. எங்களுக்கு வேண்டியது கேட்டுவிட்டு மூடுகிற ஒண்டு. பட்டியலில இருந்து காணாமல் போகாமல், “இந்த எட்டுப் பேருக்கு வகுப்பு இல்லை” எண்டு கீழே ஒரு வரி போட்டிருந்தால் அந்த வரிசை அவ்வளவு நேரம் நிண்டிராது.

சரி, கம்பனியைக் குறை சொல்லியாச்சு. எங்களையும் சொல்லோணும்.

உண்மை என்னவெண்டால், இந்தக் கேள்விக்கு விடை எங்கள் எல்லாருக்கும் தெரியும். சோதனைக்குப் படிக்கேக்க வந்த கேள்விதான். வீலானை அழித்தால் போர்ட்டுக்கு என்ன நடக்கும், நாலு விடை, சரியானதில புள்ளடி. எல்லாரும் சரியாகத்தான் போட்டோம். பிறகு ஏன் அந்த இரண்டரை மணித்தியாலமும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை? நாங்கள் படித்தது விடையை. அது நடக்கேக்க எப்படி இருக்கும் எண்டதைக் கண்ணால பார்த்ததில்லை. வீலான் உருவாக்கிற பயிற்சி ஐம்பது தரம் செய்திருப்போம், அழித்துப் பார்த்தது ஒருதரமும் இல்லை. எங்கட படிப்பில கட்டுறதுக்குத்தான் புள்ளி, உடையிறதுக்குப் புள்ளி இல்லை. ரியூஷன் கொட்டிலில பழகின பழக்கம், பாஸ்ட் பேப்பர் மனப்பாடம், வேலைக்குப் போன பிறகும் பின்னால வருகுது.

பக்கெட் ட்ரேசர் எல்லாரிட்டையும் இருக்குது, காசும் இல்லை. இண்டைக்கு இரவு ஒரு அரை மணித்தியாலம் மினக்கெட்டு இதைச் செய்து பாருங்கோ. ஒரு சுவிட்ச், இரண்டு கொம்பியூட்டர், இரண்டையும் வீலான் 30 இல போடுங்கோ. பிங் போகுதா எண்டு பாருங்கோ. வீலானை அழியுங்கோ. பட்டியலில போர்ட்டைத் தேடுங்கோ. கொன்ஃபிக்கில அந்த வரி இன்னும் இருக்கிறதைப் பாருங்கோ. திரும்ப உருவாக்குங்கோ. ஒருதரம் கண்ணால பார்த்தது பத்துத் தரம் வாசித்ததை விட நிக்கும்.

வேலை செய்யிற இடத்தில அழிக்க வேண்டி வந்தால்: முதலில ஒரு சுவிட்ச்சை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கடைசி மூலையில இருக்கிற சுவிட்ச் வரைக்கும் போய்ப் பாருங்கோ. அந்த வீலானில ஆர் உயிரோட இருக்கினம் எண்டு மக் முகவரி அட்டவணையில பாருங்கோ, ஆனால் ஒருதரம் பார்த்துவிட்டு நம்பவும் வேண்டாம். சத்தமில்லாத மெசினின் முகவரி இயல்பாக 300 செக்கனில, அதாவது ஐந்து நிமிசத்தில, அட்டவணையில இருந்து போய்விடும். நித்திரை கொள்ளுற பிரிண்டரைக் காணமாட்டியள். போர்ட்டுகள் இருந்தால் முதலில அவற்றை வேறு வீலானுக்கு மாற்றிப் போட்டு, பிறகு அழியுங்கோ. சந்தேகம் எண்டால் அழிக்காமல் அந்த வீலானை ஷட்டவுன் பண்ணிவைச்சு ஒரு கிழமை பாருங்கோ. ஆரும் கத்தினால் ஒரு வரியில எழுப்பலாம். எல்லாத்துக்கும் மேல, பெயர் வையுங்கோ. 32 எழுத்து வரைக்கும் இடம் தந்திருக்கினம். ‘கவுண்டர்’ எண்டு ஒரு சொல் இருந்திருந்தால் எங்கட பெடியன் அதில கை வைச்சிருக்க மாட்டான்.

அவனுக்கு என்ன நடந்தது எண்டும் சொல்லோணும். மத்தியானமே கூட்டம் போட்டினம். அழிக்கச் சொன்னது ஆர் எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை. பெயர் வைக்காமல் விட்டது ஆர், வரைபடம் ஒண்டும் இல்லாமல் இவ்வளவு காலம் நடத்தினது ஆர், பயிற்சிக்கு வந்த பெடியனுக்குப் பிரதான சுவிட்ச்சின் முழு அதிகாரத்தையும் கொடுத்தது ஆர், ஒண்டும் கேட்கவில்லை. “ஆர் அடிச்சது?” எண்டு மட்டும்தான் கேட்டினம். அவன் கையைத் தூக்கினான். மிச்ச மாதங்களை அவன் களஞ்சிய அறையில கேபிள் எண்ணிக் கழித்தான். பக்கத்தில நிண்ட நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. சேர்வர் அறையில அந்த நேரம் நாங்களும் இருந்தோம், பட்டியலை நாங்களும் பார்த்தோம், வெறும் வீடுதான் எண்டு நாங்களும் தலையாட்டினோம். இந்தக் கட்டுரையை எழுத இவ்வளவு நாள் பிந்தினதுக்கும் அந்த வெட்கம்தான் காரணம்.

அடித்தவனைத் தண்டிக்கிற இடத்தில, அடுத்தமுறை பிழை விடுகிறவன் கையைத் தூக்கமாட்டான். அவன் கையைத் தூக்காவிட்டால் தேடல் இரண்டரை மணித்தியாலத்தில முடியாது, இரண்டு நாள் போகும். வரிசையில நிக்கிற சனத்துக்கு ஆர் அடித்தது எண்டது தேவையில்லை. எப்ப திறப்பியள் எண்டதுதான் தேவை.

அவன் இப்ப வேறொரு இடத்தில வேலை செய்யிறான். போன மாதம் கதைக்கேக்க சொன்னான், அங்கே போய்ச் செய்த முதல் வேலை எல்லா வீலானுக்கும் பெயர் வைத்ததுதானாம். இரண்டாவது வேலை, எந்தப் போர்ட்டில ஆர் எண்டு ஒரு தாளில எழுதி சுவிட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினதாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறானாம், பின்னால வாற பெடியளுக்கு விளங்கட்டும் எண்டு.